எம்சிசி ரெட்ரோஃபிட் செய்த பிறகு ஸ்டாப் அழுத்தினாலும் காண்டாக்டர் விழவில்லை, அவசரம்

பம்ப்ஹவுஸ்77:
வணக்கம். எங்கள் சர்க்கரை ஆலையில் பழைய எம்சிசி (மோட்டார் கண்ட்ரோல் சென்டர்) பேனலில் 14 ஃபீடர்களை, அதாவது ஒவ்வொரு மோட்டாருக்கும் போகும் சப்ளை வழியை, ரெட்ரோஃபிட் செய்தோம். வெளியே இழுக்கும் டிராயர் பழையதுதான், உள்ளே இருந்த சுவிட்ச் ஃபியூஸ், காண்டாக்டர் (காயில் இழுத்து மோட்டாருக்குச் சப்ளை சேர்க்கும் சுவிட்ச்), ஓவர்லோட் ரிலே எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறோம். 11 ஃபீடர் நன்றாக ஓடுகிறது. 3 ஃபீடரில் மட்டும் ஸ்டாப் அழுத்தினால் காண்டாக்டர் விழவில்லை, மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது. காண்டாக்டரை மாற்றியும் பார்த்துவிட்டோம், அதே கதைதான். வயரிங் பழைய டிராயிங்படியே இருக்கிறது, ஒரு வயர்கூட மாற்றவில்லை. திங்கட்கிழமை ட்ரயல். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_ஸ்டார்ட்டர்:
மோட்டார் எத்தனை கிலோவாட்? டிஓஎல்லா (நேரடி ஸ்டார்ட்), ஸ்டார் டெல்டாவா? கண்ட்ரோல் வோல்டேஜ் என்ன? எந்த ஸ்டாப், பேனலில் இருப்பதா, மோட்டார் பக்கத்தில் இருப்பதா? இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது சார்.

வயரிங்_வேலு:
எனக்குத் தெரிந்து இது போல் மேக்னெட் ஒட்டிக்கொள்வதுதான். புதுக் காண்டாக்டரில் துரு பிடிக்காமல் இருக்க மேக்னெட் முகத்தில் லேசாக எண்ணெய் பூசி வரும், அது தூசியோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். கழற்றி நல்ல துணியால் துடையுங்கள். போன வருடம் எங்கள் மில்லில் இரண்டு காண்டாக்டரை இப்படித்தான் சரி செய்தேன்.

மின்மதி:
காரணம் எதுவானாலும் முதலில் ஒன்று. ஸ்டாப் வேலை செய்யாத மூன்று ஃபீடரையும் ஐசொலேட் செய்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டுங்கள். பம்ப் பக்கத்தில் நிற்கிற ஆள் சிவப்பு பட்டனை நம்பித்தான் கப்ளிங் அருகே போகிறார். ட்ரயல் ஒரு நாள் தள்ளிப் போனால் போகட்டும்.

பிறகு ஒரு சோதனை. மோட்டார் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, காண்டாக்டரை மட்டும் எடுக்க வைத்து, கண்ட்ரோல் எம்சிபியை (கண்ட்ரோல் சப்ளையின் பிரேக்கரை) ஆஃப் செய்யுங்கள். உடனே விழுந்தால் காண்டாக்ட் வெல்டிங்கும் இல்லை, மேக்னெட்டும் ஒட்டவில்லை. ஸ்டாப் அழுத்திய பிறகும் காயிலுக்கு எங்கிருந்தோ சப்ளை வருகிறது என்று அர்த்தம்.

பேனல்காரர்_35வருடம்:
தம்பி, இதெல்லாம் டிப்ளமோ முதல் வருடப் பாடம். ஸ்டாப் பட்டனின் என்சி (அழுத்தினால் திறக்கும்) காண்டாக்டுக்கு இணையாக ஹோல்டிங், அதாவது ஸ்டார்ட்டை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைக்கும் காண்டாக்ட், வந்துவிட்டது, அவ்வளவுதான். டிராயிங்படி போட்டோம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், போய்ப் பார்த்தால் வயர் வேறு டெர்மினலில் இருக்கும். நான் 35 வருடத்தில் எத்தனை பேனல் பார்த்திருப்பேன். டிராயிங்கை இங்கே போடுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்கிறேன். அதோடு, பழைய டிராயரைக் குடைந்து புதுச் சாமான் போடுவதே தப்பு, அதைத் தனியாகப் பேசலாம்.

கோவை_ஸ்டார்ட்டர்:
ஹோல்டிங் தப்பாக இருந்தால் 14 ஃபீடரும்தானே தப்பாக இருக்க வேண்டும் ஐயா? ஒரே ஆட்கள், ஒரே டிராயிங். மூன்றில் மட்டும் ஏன்?

பம்ப்ஹவுஸ்77:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மூன்றும் 30 கிலோவாட், டிஓஎல், ஸ்ப்ரே பாண்ட் (தண்ணீரைத் தெளித்துக் குளிர்விக்கும் குளம்) பக்கம் உள்ள பம்புகள். பேனலில் இருக்கும் ஸ்டாப்பில் விழுகிறது. ஃபீல்டு ஸ்டாப்பில்தான் விழவில்லை, அழுத்திப் பிடிக்கும்போது காண்டாக்டரின் உறுமல் மட்டும் மாறுகிறது, விட்டதும் பழையபடி ஆகிவிடுகிறது. மின்மதி மேடம் சொன்னதைச் செய்தேன், எம்சிபி ஆஃப் செய்தால் பட்டென்று விழுகிறது.

வயரிங்_வேலு:
அப்படியானால் ஃபீல்டு பட்டன் ஸ்டேஷனுக்குள் தண்ணீர் போயிருக்கும். ஸ்ப்ரே பாண்ட் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பாருங்கள்.

கோவை_ஸ்டார்ட்டர்:
மூன்றிலும் ஒரே நேரத்திலா தண்ணீர் போகும்? உறுமல் மாறுகிறது என்பதுதான் முக்கியம். காயிலுக்கு முழு வோல்டேஜ் இல்லை, ஆனால் விழாத அளவுக்கு ஏதோ கிடைக்கிறது. கண்ட்ரோல் வோல்டேஜையும், பட்டன் ஸ்டேஷன் வரை கேபிள் எத்தனை மீட்டர் என்பதையும் இன்னும் சொல்லவில்லை.

சேலம்_மெயின்டனன்ஸ்:
இன்டர்போசிங் ரிலே ஒன்று போடுங்கள், ஃபீல்டு பட்டன் ரிலேயை இழுக்கட்டும், ரிலே காண்டாக்டரை இழுக்கட்டும். எங்கள் சிமென்ட் ஆலையில் எல்லாம் அப்படித்தான், பிரச்சினையே இல்லை.

மின்மதி:
அண்ணா, உங்கள் ஆலையில் அந்த ரிலே 24 வோல்ட் டிசியாக இருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. இவர் அதே ஏசி வோல்டேஜில் சின்ன ரிலே போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த ரிலே ஒன்றிரண்டு வி.ஏ.யில் (வோல்ட் ஆம்பியரில்) நின்றுகொள்ளும், காண்டாக்டரைவிட லேசில் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. எனக்கு இது கேபிள் கெபாசிட்டன்ஸ் என்றே படுகிறது.

பம்ப்ஹவுஸ்77:
கண்ட்ரோல் 230 வோல்ட் ஏசி. கேபிள் சுமார் 380 மீட்டர், பட்டனுக்கு 3 கோர். முன்பு 110 வோல்ட் இருந்தது, டிராயருக்குள் தனித்தனி கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர். புதுச் சாமான் வைக்க இடம் பத்தவில்லை என்று அதை எடுத்துவிட்டு ஃபேஸ் நியூட்ரலில் நேராகக் கொடுத்தோம். வயரிங் மாறவில்லை.

கோவை_ஸ்டார்ட்டர்:
இதைத்தான் சார் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வயர் மாறவில்லை, வோல்டேஜ் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதே.

விளக்கமாகச் சொல்கிறேன். 3 கோர் பட்டன் கேபிளில் ஒரு கோர் எப்போதும் லைவ். மற்ற இரண்டும் ஹோல்டிங் வழியாகச் சேர்ந்து காயிலுக்குப் போகின்றன. ஃபீல்டில் ஸ்டாப் திறந்தாலும் அந்த லைவ் கோர் 380 மீட்டருக்கு மற்ற இரண்டின் பக்கத்திலேயே ஓடி வருகிறது, நடுவில் இன்சுலேஷன், ஆக அது ஒரு நீளமான கெபாசிட்டர். அது வழியாக வரும் மின்னோட்டம் காயிலைப் பிடித்துக்கொள்கிறது. பேனல் ஸ்டாப் கேபிளுக்கு முன்னாலேயே சப்ளையை வெட்டுவதால் அதில் விழுகிறது. பக்கத்தில் இருக்கும் 11 ஃபீடருக்குக் கேபிள் குட்டை, அதனால் தெரியவில்லை.

கணக்கு இது. 50 ஹெர்ட்ஸில் தாங்கக்கூடிய கெபாசிட்டன்ஸ் மைக்ரோஃபாரடில், 500 பெருக்கல் காயிலின் ஹோல்டிங் வி.ஏ., வகுத்தல் வோல்டேஜின் வர்க்கம். ஹோல்டிங் 15 வி.ஏ. என்று வைத்தால் 230 வோல்ட்டில் 0.14 மைக்ரோஃபாரட் வருகிறது. 3 கோர் பட்டனுக்குக் கிலோமீட்டருக்கு 0.6 என்று எடுத்தால் சுமார் 236 மீட்டர்தான் எல்லை. அதே காயில் வி.ஏ.யில் 110 வோல்ட் என்றால் 1,000 மீட்டரைத் தாண்டும். உங்கள் கேபிள் 380. பழைய ஆட்கள் 110 வைத்தது சும்மா இல்லை.

பேனல்காரர்_35வருடம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறிந்தது யார்? பேனலைத் தொடுகிறவனுக்கு முழுப் பேனலும் தெரிந்திருக்க வேண்டும். பழைய எம்சிசி முழுதாக டெஸ்ட் செய்து வந்தது, உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. ஐஇசி 61439 என்ற பேனல் தரநிலையில் ஷார்ட் சர்க்யூட் தாங்குவதும் வெப்பம் ஏறுவதும் முழு அசெம்பிளியாகச் சரிபார்க்க வேண்டியவை. காசு மிச்சம் என்று எல்லோரும் குடைகிறார்கள். புதுப் பேனல் வாங்க வேண்டியதுதானே.

சேலம்_மெயின்டனன்ஸ்:
ஐயா, புதுப் பேனல் என்றால் பேனல் விலை மட்டுமா? மேலே வரும் கேபிள் அத்தனையும் கழற்றி மாட்ட வேண்டும், பாதிக் கேபிள், உள்ளே நுழையும் புது கிளாண்ட் பிளேட்டுக்கு எட்டாது, ஜாயின்ட் போட வேண்டி வரும். ஆஃப் சீசன் ஷட்டவுனில் அது முடிகிற வேலையா? டிராயர் ரெட்ரோஃபிட்டை ஒரு ஃபீடராக எடுத்துச் செய்யலாம், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். நான் இப்படி மூன்று பேனலை மாற்றியிருக்கிறேன், எட்டு வருடமாக ஓடுகின்றன.

பேனல்காரர்_35வருடம்:
ஓடுகிறது என்பதும் ஃபால்ட்டில் தாங்கும் என்பதும் வேறு வேறு. 1,600 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 6.25 சதவீத இம்பீடன்ஸ் என்றால் 433 வோல்ட் பக்கம் 34 கிலோ ஆம்பியர் வரும். உள்ளே வைத்திருக்கும் சாமான் அதை வெட்டுமா என்று பார்த்தீர்களா?

மின்மதி:
அந்தக் கேள்வி சரியானதுதான் ஐயா, ஆனால் ரெட்ரோஃபிட் செய்பவர் ஒழுங்காக அதைப் பார்த்துவிட்டால் டிராயரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. நான் பார்த்தவரை பழைய டிராயரில் முதலில் போவது பின்பக்கம் பஸ்பாரைக் கவ்வும் ஜா காண்டாக்ட். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், வெள்ளிப் பூச்சு தேய்ந்திருக்கும், முன்னால் எல்லாம் பளபளப்பாகப் புதுசு, பின்னால் கறுத்துப்போய்ச் சூடாகிக்கொண்டு இருக்கும். ரெட்ரோஃபிட் என்றால் அதையும் மாற்ற வேண்டும், செங்குத்து பஸ்பாரின் முகத்தையும் பார்க்க வேண்டும், லோடில் ஒரு தெர்மல் படம் எடுக்க வேண்டும். பம்ப்ஹவுஸ், இதைச் செய்தீர்களா?

வயரிங்_வேலு:
கெபாசிட்டன்ஸ் எல்லாம் இருக்கட்டும், எதற்கும் மேக்னெட்டையும் துடைத்துவிடுங்கள்.

கோவை_ஸ்டார்ட்டர்:
உறுதி செய்ய ஒரு வழி. 15 வாட் குண்டு பல்பு ஒன்றைக் காயில் டெர்மினல்களான ஏ1, ஏ2வுக்கு இணையாக மாட்டுங்கள். மோட்டார் கேபிள் கழற்றியே இருக்கட்டும். ஃபீல்டு ஸ்டாப்பில் விழுந்தால் இதுதான் கோளாறு. எல்இடி பல்பு வேண்டாம், இழை பல்பே வேண்டும். பல்பு இல்லாமல் ஸ்டாப்பை அழுத்திப் பிடித்துக் காயிலில் வோல்டேஜும் பாருங்கள். ஏசி காண்டாக்டர் காயில் வோல்டேஜின் 75 முதல் 20 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம், அதாவது 50 வோல்ட்டில்கூட நின்றுகொண்டிருந்தால் காண்டாக்டரைக் குறை சொல்ல முடியாது.

பம்ப்ஹவுஸ்77:
பல்பு மாட்டியதும் மூன்றும் விழுகின்றன. பல்பு இல்லாமல் 84, 88, 81 வோல்ட். ரொம்ப நன்றி. பல்பையே நிரந்தரமாக விட்டுவிடலாமா?

மின்மதி:
வேண்டாம். இழை அறுந்தால் யாருக்கும் தெரியாது, ஸ்டாப் மறுபடியும் போய்விடும். தற்காலிகமாக என்றால் 4.7 கிலோ ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர், 11 வாட் சூடு வெளியே போகிற இடத்தில், வயர்களை ஒட்டாமல். இதையும் மூன்று ஃபீடரிலும் தனித்தனியாக ஸ்டாப் அழுத்திச் சோதித்த பிறகுதான் கேபிளைக் கட்ட வேண்டும். நிரந்தரமாக 110 வோல்ட்டுக்குத் திரும்புங்கள். டிராயருக்குள் இடமில்லை என்றால் மூன்று ஃபீடருக்கும் பொதுவாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வெளியே வையுங்கள், மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ், காயிலும் 110. டிராயரை வெளியே இழுத்தாலும் அந்த 110 உள்ளே வந்துகொண்டிருக்கும், அதற்குக் கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள்.

பேனல்காரர்_35வருடம்:
டிராயிங்கையும் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த ஆள் மறுபடியும் 230 காயில் வாங்கிப் போடுவான்.

பம்ப்ஹவுஸ்77:
110 காயில் மூன்று, டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஆர்டர் போட்டாச்சு. அதுவரை மூன்றும் பூட்டில் இருக்கும், ட்ரயல் வியாழனுக்குத் தள்ளியாச்சு. வேலைக்குப் போகிறேன், நன்றி.

மின்மதி:
நல்லது. ஜா காண்டாக்ட் பற்றிக் கேட்டிருந்தேனே, பார்த்தீர்களா?

கோவை_ஸ்டார்ட்டர்:
வியாழன் ட்ரயலில் மூன்று பம்புக்கும் ஃபீல்டு ஸ்டாப்பைப் பம்ப் ஆபரேட்டர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள், அவர் கண்ணால் பார்க்கட்டும். மீதி 11ல் 200 மீட்டரைத் தாண்டும் கேபிள் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேலம்_மெயின்டனன்ஸ்:
பம்ப்ஹவுஸ், வியாழன் என்ன ஆச்சு?