வௌவால் செதுக்கிய பச்சைக்கல் பதக்கம் மங்கலமானதா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து):
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். ரங்கூனில் மரக்கடையில் கணக்கெழுதி, 1942-இல் நடந்தே ஊர் திரும்பிய எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், சீனர் ஒருவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பச்சைக்கல் (ஜேட்) பதக்கம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அகலமே உள்ள அதில், சிறகு விரித்த வௌவால் ஒன்று சதுர ஓட்டையுள்ள காசைக் கவ்வியிருக்கிறது. கயிற்றில் கோத்தால் தலைகீழாகத் தொங்குகிறது. வௌவால் அடையும் வீடு விளங்காது என்று ஆச்சி அதைப் பூஜை அறைக்குள் விட்டதே இல்லை. இதைப் போய் ஏன் செதுக்கினார்கள்?

பதில் 1:
அது கல்லில் செதுக்கிய சிலேடை, அண்ணாச்சி. சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று: ‘ஃபூ’. காசுக்கும் ‘முன்’ என்பதற்கும் ‘ச்சியன்’ என்ற ஒரே ஒலி. காசின் ஓட்டையைக் கண் என்பார்கள். ஆகவே உங்கள் பதக்கத்தைச் சேர்த்து வாசித்தால் ‘நற்பேறு கண்முன்னே’ என்று வரும். ஐந்து வௌவால்கள் இருந்தால் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் நாட்டம், முதுமையில் இயற்கையான மரணம் என்னும் ஐம்பேறு. (நல்ல சாவையும் பேறாக எண்ணினார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த இடம்.) மீனும் மிகுதியும் ‘யூ’ என்பதால் மீனும் மங்கலமே. எல்லாமே சிலேடை என்று எண்ண வேண்டாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் அரச மரபின் காலத்தில் இறந்தவர் நாவில் வைத்த பச்சைக்கல் சிள்வண்டு, மண்ணிலிருந்து வெளிவரும் அதன் இயல்பால் மறுபிறப்பைக் குறித்தது. பெட்டியில் அது இருந்திருந்தால் ஆச்சி பயந்ததில் நியாயம் உண்டு.

பதில் 2:
கத்தியால் கீறிப் பார்த்துவிடாதீர்கள். வெளியில் ஒருமுறையும், நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கி ஒருமுறையும் நிறுத்து, தண்ணீருக்குள் எடை எவ்வளவு குறைந்ததோ, அதனால் முதல் எடையை வகுங்கள். 3.3-ஐ ஒட்டி வந்தால் பர்மாவின் ஜேடைட் வகைப் பச்சைக்கல்லாக இருக்கலாம், 2.95-ஐ ஒட்டி வந்தால் சீனர் தொன்றுதொட்டுச் செதுக்கிய நெஃப்ரைட் வகையாக இருக்கலாம். பர்மாக் கல் பெருமளவில் சீனத்துக்குப் போனது 18ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று எவரேனும் விலை பேசினால் நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
டவுனில் தெரிந்த தட்டாரிடம் நிறுத்தேன். வெளியே 10 கிராம், தண்ணீரில் 7, வகுத்தால் 3.33. தலைகீழாகத் தொங்குவது துளையிட்டவரின் பிழைதானா?

பதில் 1:
வேண்டுமென்றே செய்திருப்பார்கள். தலைகீழ் என்பதற்கும் வந்துசேர்ந்தது என்பதற்கும் அவர்களிடம் ‘தாவ்’ என்று ஒரே ஒலிதான். கயிற்றை மாற்றிக் கட்டிவிடாதீர்கள்.