ஐந்தரை மாதப் பயணம்: ஒரே காப்புறுதி போதுமா?

வருங்காலத் தாத்தா (அங் மோ கியோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 66, என் மனைவிக்கு 61. வரும் ஜனவரி 5ஆம் தேதி சென்னைக்குப் புறப்பட்டு, பொங்கலை மனைவியின் ஊரான காரைக்குடிப் பக்கம் கழித்து, கோயில் குளம் என்று சுற்றிவிட்டு மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் திரும்புகிறோம். இங்கே என் அக்காள் மகன் திருமணம் முடிந்ததும், மார்ச் 16ஆம் தேதி மான்செஸ்டரில் இருக்கும் மகளிடம் போகிறோம். அவளுக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். ஜூன் 20 வரை தங்கிப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எங்களுக்குத் தெரிந்த முகவர் ஒருவர், ஜனவரி 5 முதல் ஜூன் 20 வரை 167 நாள்களுக்கு ஒரே பயணக் காப்புறுதியாக எடுத்துவிடலாம், 182 நாள் வரை இடம் உண்டு என்கிறார். மருமகனோ, ஆண்டுத் திட்டம்தான் மலிவு, வருடம் முழுவதும் எங்கே போனாலும் செல்லும் என்கிறார். எனக்கு இரத்த அழுத்தமும் கொழுப்பும் உண்டு. ஒன்பது ஆண்டுகளாகப் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. எங்கள் இருவருக்கும் சிங்கப்பூர் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் அதன்மேல் தனியார் மருத்துவக் காப்புறுதியும் இருப்பதால், பயணத்திற்கென்று இன்னொன்று தேவைதானா என்ற எண்ணமும் வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் முகவர் (தோ பாயோ):

ஐயா, சந்தாவை ஒப்பிடுவதற்கு முன் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்லப்போவது அதுதான்.

ஒற்றைப் பயணத் திட்டம் என்பது சிங்கப்பூரில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடியும் ஒரு பயணத்திற்கானது. நீங்கள் மார்ச் 6ஆம் தேதி சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்தவுடன் அந்தக் காப்புறுதி முடிந்துபோகும்; ஜூன் 20 வரை பணம் கட்டியிருந்தாலும், மார்ச் 16ஆம் தேதி மீண்டும் விமானம் ஏறும்போது அது உயிர்பெற்று எழாது. ஆகவே 167 நாள்களுக்கு ஒரே காப்புறுதி என்று உங்கள் முகவர் சொல்வது, நீங்கள் நடுவில் திரும்பாமல் இருந்தால்தான் பொருந்தும். திருமணத்திற்கு வருவதை அவரிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியும் அப்படிச் சொன்னாரென்றால் வேறு முகவரைப் பார்க்கலாம்.

மருமகன் சொல்லும் ஆண்டுத் திட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனி நாள் வரம்பு உண்டு. இங்கே விற்கப்படும் திட்டங்களில் அது பெரும்பாலும் 90 நாள். புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்து எண்ணினால் உங்கள் இந்தியப் பயணம் 61 நாள், அது அடங்கிவிடும். இங்கிலாந்துப் பயணமோ 97 நாள். கடைசி ஏழு நாள் நீங்கள் காப்பே இல்லாமல் இருப்பீர்கள். ஜூன் 11 அல்லது 12இல் திரும்ப முடியுமானால் ஆண்டுத் திட்டம் போதும். முடியாதென்றால் 61 நாளுக்கு ஒன்று, 97 நாளுக்கு ஒன்று என இரண்டு ஒற்றைப் பயணக் காப்புறுதிகள் எடுங்கள். ஆண்டுத் திட்டம் எடுப்பதானால் உலகம் முழுவதற்குமான வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிய வட்டாரம் மான்செஸ்டருக்குச் செல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயணம் ரத்தாவதற்கான காப்பு, ஒற்றைப் பயணத் திட்டத்தில் வாங்கிய நாளிலிருந்தே தொடங்கும்; ஆண்டுத் திட்டத்தில் அது பெரும்பாலும் காப்புறுதி தொடங்கும் தேதியிலிருந்துதான் செல்லும். ஜனவரி 5 என்று தொடக்கத் தேதி போட்டுவிட்டு, டிசம்பர் கடைசியில் நோய்வாய்ப்பட்டுச் சென்னைப் பயணத்தைக் கைவிட்டால் டிக்கெட் பணம் கிடைக்காது.

மெடிஷீல்டு லைஃப் சிங்கப்பூரில் பெறும் சிகிச்சைக்கானது. அதன்மேல் நீங்கள் எடுத்திருக்கும் தனியார் திட்டங்கள் சில, வெளிநாட்டில் அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்தால் செலவைத் திருப்பித் தரும். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை மருத்துவத் துணையோடு விமானத்தில் கொண்டுவரும் செலவை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. பயணக் காப்புறுதியை நான் முதலில் அதற்காகத்தான் எடுக்கச் சொல்வேன். தொலைந்த பெட்டி, தாமதமான விமானம் எல்லாம் பிறகு.

ஈசூன் வாசகி:

ஐயா, உங்களைப் போலவே என் அப்பாவும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தபோது அவருக்கு டெங்கி வந்து ஆறு நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கையில், டெங்கி பற்றிய விவரங்களுக்கு மேலேயே, ‘எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்த நோயாளி’ என்று முதல் வரியாக எழுதியிருந்தார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது இளம் மருத்துவர் ஒருவர் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் அது; அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் காப்புறுதி நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பலதுறை மருந்தகத்தின் பழைய பதிவுகள் அனைத்தையும் கேட்டது. டெங்கிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதி எழுதி, பணம் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று.

வந்தது டெங்கியாக இருந்ததால் தப்பித்தோம். பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் சாதாரணத் திட்டங்கள் ஏற்கெனவே உள்ள நோயையும் அதன் விளைவாக வருபவற்றையும் விலக்கிவிடுகின்றன. தினமும் மாத்திரை சாப்பிடுகிற எதுவும் இந்தக் கணக்கில் வரும். ‘கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது’ என்பது நம் வாதமே தவிர ஒப்பந்தத்தில் உள்ள வாசகம் அல்ல. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காப்பளிக்கும் திட்டங்கள் இங்கே விற்கப்படுகின்றன. சந்தா கூடுதல், மருத்துவத் தொகைக்கு உச்சவரம்பு குறைவு, சிலவற்றில் பயண நாள்களின் எண்ணிக்கையும் குறைவு. அந்த நாள் வரம்பைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் இரண்டு பயணமாகப் போவதால் இதையும் கவனியுங்கள். காரைக்குடியில் இருக்கும்போது புதிதாக ஏதாவது நோய் வந்து சிகிச்சை பெற்றால், மான்செஸ்டர் பயணத்தைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே உள்ள நோயாகிவிடும். ஆண்டுத் திட்டமே எடுத்திருந்தாலும் ஒவ்வொரு பயணத்தையும் தனியாகத்தான் கணக்கிடுவார்கள்.

ரசீதுகளின் அசல், வகைவாரியாகப் பிரித்த கட்டண விவரம், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்குள் வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து அப்புறம் வரவழைக்கலாம் என்று நாங்கள் நினைத்து, ஒரு முத்திரைக்காக என் சித்தப்பா மூன்று முறை பேருந்து ஏற வேண்டியதாயிற்று.

புக்கிட் பாத்தோக் பாட்டி:

என் மகனும் இங்கிலாந்தில்தான் இருக்கிறான், ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே எல்லா மருத்துவமும் இலவசம் என்று நம்மவர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்கும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கும் வருகையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது சரி. ஆனால் அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டால் அந்த நேரத்திலிருந்து கட்டணம் உண்டு. அதுவும் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், நம்மைப் போன்ற வெளிநாட்டு வருகையாளருக்கு வழக்கமான விலையில் 150 விழுக்காடு. 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டாமல் விட்டால் பின்னாளில் விசா கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்கலாம். மகளைப் பார்க்க அடுத்த ஆண்டும் போக வேண்டும் அல்லவா?

உங்கள் மனைவி அங்கிருந்து பாரிஸ் போய்வரலாம் என்று நினைத்தால், இந்தியக் கடப்பிதழுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு இருப்பதைக் கடிதமாகக் காட்டச் சொல்வார்கள். காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டால் அக்கடிதம் கிடைக்கும்.

வருங்காலத் தாத்தா:

மூவருக்கும் மிக்க நன்றி. சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், 97 நாள்தான். திருமணத்திற்கு வருவதை முகவரிடம் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மனைவி ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டாள் என்பதால் இரண்டு ஒற்றைப் பயணக் காப்புறுதிகள் என்று முடிவு செய்திருக்கிறோம். மகளுக்குப் பிரசவத்தில் ஏதாவது சிக்கலாகி நாங்கள் கூடுதலாக இரண்டு வாரம் தங்க நேர்ந்தால் என்ன செய்வது? மனைவி இந்தியக் குடிமகள் என்பதால் ஏதாவது தடை உண்டா?

முன்னாள் முகவர் (தோ பாயோ):

விமானத் தாமதத்தாலோ நீங்களே மருத்துவமனையில் இருப்பதாலோ திரும்ப முடியாமல் போனால் பல திட்டங்கள் சில நாள்களுக்குத் தாமாகவே நீளும். மகளுக்குத் துணையாகத் தங்குவது அந்தக் கணக்கில் வராது. நீட்டிக்க அனுமதிக்கும் நிறுவனமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். காப்புறுதி முடிவதற்குள் எழுதிக் கேட்டு, கூடுதல் சந்தா கட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டபின் புதிதாக ஒன்று வாங்குவது பெரும்பாலான நிறுவனங்களில் செல்லாது. உங்கள் நிலையில் நான் இருந்தால் தொடக்கத்திலேயே இரண்டாவது காப்புறுதியை 97 நாளுக்குப் பதிலாக 115 நாளுக்கு எடுத்துவிடுவேன்.

உங்கள் மனைவி விஷயத்தில், ‘சொந்த நாடு’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலவற்றில் குடியுரிமை உள்ள நாட்டில் பெறும் சிகிச்சைக்குக் காப்பு இல்லை அல்லது குறைவு. வேறு சிலவற்றில் நிரந்தரவாசிக்குச் சிங்கப்பூரே சொந்த நாடு. தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் சச்சரவு வந்து நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையமான ஃபிட்ரெக்கிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

காப்புறுதிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: நிரந்தரவாசி வெளிநாடு போய்விட்டு அதே தகுதியோடு சிங்கப்பூர் திரும்பத் தேவையான மறுநுழைவு அனுமதி, உங்கள் மனைவிக்கு ஜூன் வரை செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டீர்களா?

வருங்காலத் தாத்தா:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தோம், ஐயா. மே 9ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க எப்போது விண்ணப்பம் போடலாம் என்று நாளைக்கே விசாரிக்கிறோம். காப்புறுதிக்கான மின்னஞ்சல் அதற்கு அப்புறம்தான்.