அப்பாவின் பழைய வங்கிக் கணக்கு: வழி சொல்லுங்கள்

மறைந்த அப்பாவின் வங்கிப் புத்தகம் ஒன்று பீரோவில் கிடைத்தது. கடைசி வரவு 2012-இல். முதல் பக்கத்தில் ‘நியமனம் பதிவு செய்யப்பட்டது’ என்ற முத்திரை தெளிவாக இருக்கிறது; நியமனதாரர் (நாமினி), அதாவது கணக்குதாரர் இறந்தால் பணத்தைப் பெறப் பதிவு செய்யப்பட்டவர், அம்மாதான். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விட்டது. ஆனாலும் உரிமை போகாது. அதே வங்கியில்தான் கேட்டுப் பெற வேண்டும். கேட்பாரற்ற வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் (UDGAM) இணையதளத்தில் தேடியபோது அப்பாவின் பெயரும் வந்தது.

கிளையிலோ வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்கிறார்கள். நியமனதாரர் இருக்கும்போது அதை வற்புறுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வயதான அம்மாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுவது அநியாயம்.

இப்படிப் பணம் பெற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார் தவிர வேறென்ன கொடுத்தீர்கள்? வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போனவர்கள் யாராவது உண்டா?