கிரெடிட் கார்டு கடனுக்கு ஐ.பி. (நொடிப்பு மனு) போடலாமா?

கேள்வி: மதுரையில் மாதம் 40,000 சம்பளம், சொத்து இல்லை. பர்சனல் லோன், கார்டு சேர்த்து 9 லட்சம் கடன். மஞ்சள் நோட்டீஸ் விட்டால் தப்பிக்க முடியுமா?

வாய்தா: முடியும். 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்றும் 1920 மாகாண நொடிப்புச் சட்டம்தான் (சென்னைக்கு 1909 சட்டம், உயர் நீதிமன்றம்). கடன் 500 ரூபாய் இருந்தாலே சப் கோர்ட்டில் மனு போடலாம். நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால், கோர்ட் அனுமதியில்லாமல் இந்த மாதிரிக் கடனுக்காக யாரும் புது வழக்குப் போட முடியாது.

வசூல்மேசை: அறிவிப்பு வரட்டும், பார்க்கலாம். வெறும் நோட்டீஸுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. "கட்ட முடியாது" என்று எழுதிக் கொடுப்பதே 6-ஆம் பிரிவின்படி நொடிப்புச் செயல். அதை வைத்துக் கடன் கொடுத்தவரே மனு போடலாம். காலாவதியாகாத கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடுவும் புதிதாக ஓடும்.

இவருக்கு ஐ.பி. எதற்கு? சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவுப்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பிடிக்கக்கூடியது 13,000. அதுவும் ஒரு டிகிரிக்கு (கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) 24 மாதம்தான்.

வாய்தா: ஒரு டிகிரிக்கு, சரி. ஐந்து பேங்க் இருந்தால்? 12 மாத இடைவெளி விட்டு அடுத்த டிகிரி வரும். ஐ.பி.யில் எல்லாரும் ஒரே ரிசீவரிடம்தான் (சொத்தைக் கையாளக் கோர்ட் நியமிப்பவர்) வரவேண்டும்.

பேரேடு: இருவருமே விடுவிப்பை, அதாவது கடனிலிருந்து கோர்ட் விடுவிக்கும் உத்தரவை, பேசவில்லை. விடுவிப்பு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவருக்கே. சொத்து, அடமானமில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குத் தேறாவிட்டால், தன் தவறால் வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டும். இல்லையேல் முழு விடுவிப்பு இல்லை. மருத்துவச் செலவு, வேலை போனது என்றால் பில், ரிலீவிங் லெட்டர் எல்லாம் கட்டிவைக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 2 வருடத்தில் மனைவி பேருக்கு எழுதிய செட்டில்மென்ட் செல்லாமல் போகலாம். ஜாமீன் போட்டவர் தப்ப மாட்டார். செக் பவுன்ஸ் கிரிமினல் வழக்கும் தொடர்ந்து நடக்கும்.

வசூல்மேசை: அதோடு, கெடுவுக்குள் விடுவிப்பு கேட்காவிட்டால் 43-ஆம் பிரிவில் அறிவிப்பே ரத்தாகும். மறுபடி மனு போடக் கோர்ட் அனுமதி வேண்டும். பெரும்பாலானோர் விழுவது இங்கேதான்.

வாய்தா: கெடுவை அறிவிப்பு உத்தரவிலேயே எழுதித்தான் தருகிறார்கள். அதைப் படிக்காமல் ஃபைலைக் கட்டிவைத்தால் அது வக்கீலின் குறை, சட்டத்தின் குறையில்லை.