‘எண்ணிம இரட்டை’யா, ‘உடனுரு’வா? – டிஜிட்டல் ட்வினுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘டிஜிட்டல் ட்வின்’ என்பதற்கு ‘எண்ணிம இரட்டை’ என்று நீங்கள் முன்மொழிந்ததை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். ‘எண்ணிம’ என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ‘இரட்டை’தான் இடிக்கிறது. நம் பேச்சில் இரட்டை என்றால் இரண்டும் சேர்ந்தது. வடசேரிச் சந்தையில் இரட்டைப் பழம் கேட்டால் ஒட்டிப் பிறந்த இரண்டையும்தான் எடுத்துத் தருவார்கள். ஒன்றைப் பிய்த்து நீட்டி, இதுதான் இரட்டை என்று எவரும் சொல்வதில்லை. இரட்டை மாட்டு வண்டியில் எந்த மாடு இரட்டை? ‘ட்வின்’ என்ற ஆங்கிலச் சொல் இருவரில் ஒருவரைச் சுட்டுகிறது. இரும்பாக நிற்கும் இயந்திரம் ஒன்று, அதன் தரவை வாங்கி அதைப் போலவே கணினியில் ஓடுவது அதன் கூட்டாளி. நமக்குப் பெயர் வேண்டியது அந்தக் கூட்டாளிக்கு மட்டும். ‘இரட்டையர்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். காற்றாலைக்கு உயர்திணைப் பதவி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெயர் வைப்பதற்கு முன் பிள்ளையைப் பார்த்துவிடுவோம். ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் இடையில் காற்றாலைப் பராமரிப்புதான் என் பிழைப்பு. பெரிய இயந்திரங்களில் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். கியர் பாக்ஸ் அதை 1,500 வரை ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில்தான் வருமானம். அதே மாதங்களில் கியர் பாக்ஸ் போனால் கழற்றி இறக்க வழியில்லை, அந்தக் காற்றில் கிரேன் கொக்கி நிற்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில் அப்படித்தான் ஆயிற்று. எண்ணெய் வடிகட்டியைத் திறந்தேன். சாளை மீனின் செதில்போல மினுமினுவென்று இரும்புத் துகள். விரலில் தேய்த்தால் நறநறத்தது. கியரின் பல் உடைந்துவிட்டது, அந்தப் பருவம் முழுக்க இயந்திரம் மொட்டையாக நின்றது. பிறகு பதிவேட்டைப் புரட்டினால், மூன்று வாரமாகவே பேரிங் சூடு வழக்கத்தைவிட நாலைந்து டிகிரி கூடுதல். ஆனால் அபாய மணி 85 டிகிரியில்தான் அடிக்கும். அது 66இல் இருந்தது. மணியைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கணினியில் அந்த இயந்திரத்துக்கே உரிய கூட்டாளி ஒன்று ஓடியிருந்தால், “இந்தக் காற்றுக்கும் இந்தச் சுமைக்கும் வெளியில் அடிக்கும் இந்த வெயிலுக்கும் பேரிங் 61இல் இருக்க வேண்டும், ஏன் 66?” என்று கேட்டிருக்கும். தொழிலுக்கு இதன் பயன் இந்தக் கேள்விதான். திரையில் சுழலும் வண்ணப்படம் அல்ல.

2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இக்கருத்தை முன்வைத்தபோது இதற்கு இந்தப் பெயரே இல்லை. நாசாவின் ஜான் விக்கர்ஸ் பின்னால் வைத்த பெயர் இது. பெயர் கவர்ச்சியாக அமைந்துவிட்டதால் இன்று விற்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் இந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். கிரிட்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தரவை மனிதர் கையால் ஊட்டினால் அது வெறும் மாதிரி. இயந்திரத்திலிருந்து தரவு தானாக வந்து, திரும்பப் போகாவிட்டால் நிழல். வரவும் போக்கும் இரண்டும் தானாக நடந்தால்தான் ட்வின். அதாவது பேரிங் சூடேறுகிறது என்று கண்டால், சுமையைக் குறை என்ற கட்டளையும் கணினியிலிருந்தே இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

ஆகவே மூன்றுக்கும் சேர்த்தே சொல் கேட்கிறேன்: மாதிரியுரு, நிழலுரு, உடனுரு. ‘உடன்’ என்பதில் உடன்பிறந்த உறவு இருக்கிறது, கூடவே இருத்தலும் இருக்கிறது. கோயில் அழைப்பிதழில் ‘உடனுறை’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகவும் தெரியாது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் உணரிகள் (சென்சார்கள்) சொற்பம். உடனுருவுக்குச் செலவழிப்பதைவிட எண்ணெயை ஒழுங்காக மாற்றினாலே அவை புண்ணியம் என்று வாழ்த்தும்.

அன்புடன்,
முப்பந்தல் தம்பி

---

தம்பிக்கு,

இரட்டைப் பழத்தில் என்னை வீழ்த்திவிட்டீர்கள். ஆனாலும் ஒரு வார்த்தை. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது இலக்கணம். ‘சலசல’வில் ஒரு ‘சல’வை எடுத்துவிட்டால் மற்றது செத்துவிடும். தரவு அறுந்தால் உங்கள் கூட்டாளியும் அப்படித்தானே? அந்தப் பொருத்தத்தை எண்ணித்தான் ‘இரட்டை’ என்றேன். போகட்டும்.

‘உடனுரு’வில் எனக்கு இரண்டு குறை. ‘உடனுருவாக்கம்’ என்று எழுதினால், உடனே உருவாக்குவது என்று படிப்பார்கள். இன்னொன்று, கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை ட்ரோன் பறக்கவிட்டுத் தூண் தூணாகப் படமெடுத்து முப்பரிமாணத்தில் பேரன் காட்டினான். 115 அடி உயரத்தையும் உள்ளங்கையில் சுழற்றுகிறான். அதற்கு என்ன பெயர்?

---

அண்ணாச்சி,

இரட்டைக்கிளவி எனக்குத் தோன்றவே இல்லை, ஆசிரியர் ஆசிரியர்தான். ஆனால் அது நான் சொன்னதற்கே பலம். ‘சலசல’ முழுவதும்தான் இரட்டைக்கிளவி, ஒற்றைச் ‘சல’ அல்ல.

பேரன் காட்டியது மாதிரியுரு. 1966இல் கட்டிய பாலம் அன்று இருந்த நிலையில் உறைந்த படம். தூண்களில் அழுத்தமானி பொருத்தி, பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீர் தொட்டியில் ஏறும்போது எந்தத் தூண் எவ்வளவு தாங்குகிறது என்று அந்தப் படத்துக்குத் தானாகச் செய்தி வந்துகொண்டிருந்தால் நிழலுரு. அதைப் பார்த்து மதகு தானே தாழ்ந்தால் உடனுரு. பாலத்துக்கு நிழலுருவே போதும் என்பது என் எண்ணம். மதகைக் கணினியிடம் விட எந்தப் பொறியாளரும் துணியமாட்டார், துணியவும் வேண்டாம்.

‘உடனுருவாக்கம்’ மயங்கும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘உடனுரு அமைத்தல்’ என்று பிரித்து எழுதிவிடலாம். வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன்: உடனுருவில், உடனுருவை, உடனுருக்கள். நாக்கு தடுக்கவில்லை. திங்கட்கிழமை பாலிடெக்னிக் பிள்ளைகள் பத்துப் பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். சொல்லின் வரலாறு எதையும் சொல்லாமல் ‘உடனுரு’ என்றே பேசிப் பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குள் அவர்களில் ஒருவராவது அதைத் தானாக எடுத்துப் புழங்கினால் எழுதுகிறேன், புழங்காவிட்டாலும் எழுதுகிறேன்.