மாண்டலின் வாங்கியாச்சு: புதுப்பிப்பு

பழைய மாண்டலினோட கழுத்து வளைஞ்சுபோச்சு, மேடைக்கு எதை வாங்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் எலெக்ட்ரிக்தான்னு சொன்னீங்க. நான் பிக்கப் (தந்தி ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புற கருவி) வெச்ச எட்டுத் தந்தி, அதாவது நாலு ஜோடி, அகூஸ்டிக் வாங்கிட்டேன். இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல கரண்ட் எப்போ போகும்னு யார் கண்டா?

பெட்டியைப் பிரிச்சதுமே ஏமாற்றம். விரல் வைக்காத வெறும் தந்தி ஜி, டி, ஏ, இ-ன்னு சுத்தமா நின்னுச்சு. கழுத்துல மேலே போகப் போக அபசுரம். "புதுத் தந்தி, பழகிடும்"னார் கடைக்காரர். சும்மா கதை! மாண்டலின்ல பிரிட்ஜை (தந்தியைத் தாங்கற கட்டை) ஒட்டறதில்லை, தந்தி அழுத்தத்துலதான் நிக்குது. வர்ற வழியில நகர்ந்திருக்கு. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கே பதிச்ச கம்பி) நேர் மேல தந்தியைத் தொட்டும் தொடாம ஒரு தடவை, அழுத்திப் பிடிச்சு ஒரு தடவை மீட்டிப் பாருங்க. அழுத்தினது சுருதி ஏறிக் கேட்டா பிரிட்ஜை வால்பக்கம், அதாவது கழுத்தை விட்டு விலக்கி, தள்ளணும். தந்தியைத் தளர்த்தி மயிரிழைதான் தள்ளினேன், சரியாயிடுச்சு. இடத்தைப் பென்சிலால குறிச்சும் வெச்சுட்டேன்.

சனிக்கிழமை டர்பன்லயே சாட்ஸ்வொர்த்துல கல்யாணக் கச்சேரி. கடல் ஈரத்துல ஜோடித் தந்தி ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்தேன். சுரத்தை அசைக்கிற கமகம் பிடிச்சு விரல் எரிஞ்சுது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஏன் 5 ஒற்றைத் தந்திக்குப் போனார்னு இப்பத்தான் உறைக்குது. நடுவுல ஒரு ஆயா, "தம்பி, இது குட்டி கிடாரா?"ன்னாங்க. ஆமான்னுட்டேன்.

பழையதை விக்கலை. கழுத்தை நிமிர்த்தித் தர ஆள் தேடிட்டிருக்கேன்.