'லா ழலூஸி' 40 பக்கத்தோடு நிற்கிறது, எப்படிப் படிப்பது?

கேள்வி:
அலென் ராப்-கிரியேயின் 'லா ழலூஸி' (1957) நாவலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். வாழைத்தோட்டத்தில் வரிசைக்கு எத்தனை மரம், தூணின் நிழல் எங்கே விழுகிறது, சுவரில் பூரானை நசுக்கிய கறை, இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கதை எங்கே? பிரெஞ்சு 'நூவோ ரொமான்' (புது நாவல்) எல்லாம் இப்படித்தானா?

பதில் 1:
ஒருவரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசை வரும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். நாலு பேருக்குத் தட்டு வைக்கிறார்கள், பக்கத்துத் தோட்டக்காரன் பிராங்கின் மனைவி வரவில்லை என்று ஒன்றை எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் மூன்று, ஆனால் நம் கண்ணில் படுவது அந்த வீட்டுப் பெண்ணும் பிராங்கும் மட்டும்தான். மூன்றாவது தட்டு அவள் கணவனுக்கு! நாவல் முழுக்க அவன் கண்ணால்தான் பார்க்கிறோம், அவனோ ஓரிடத்திலும் 'நான்' என்று சொல்வதில்லை. சந்தேகம் தின்பதால்தான் மரத்தை எண்ணுகிறான். அந்தப் பூரானையும் பாருங்கள், சொல்லச் சொல்ல வளர்ந்து கடைசியில் தட்டு அளவுக்கு வந்துவிடும். ழலூஸி என்றால் பிரெஞ்சில் பொறாமை, சன்னலுக்குப் போடும் பட்டைத் தட்டிக்கும் அதே சொல். ராப்-கிரியே வாழை ஆராய்ச்சியில் வேலை பார்த்த வேளாண் பொறியாளர், அதனால் அந்தக் கணக்கெல்லாம் அவருக்குக் கைவந்தது.

பதில் 2:
எனக்கு மிஷேல் புத்தோரின் 'லா மொதிஃபிகாசியோன்' வழியாகத்தான் கதவு திறந்தது. அதுவும் 1957, ரெனோதோ பரிசு வாங்கியது. பாரிசிலிருந்து ரோமுக்கு ஒரே ரயில் பயணம். மனைவியை விட்டுவிட்டுக் காதலியைப் பாரிசுக்கு அழைத்து வரப் போகிறவன், வண்டியிலேயே மெல்ல மனம் மாறுகிறான். நாவல் அவனை 'நீங்கள்' என்றே அழைக்கிறது, அதனால் அந்தப் பெட்டியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

பதில் 3:
'எல்லாம் இப்படித்தானா' என்றால், இல்லை. நூவோ ரொமான் எழுத்தாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து கொள்கை எழுதிய கூட்டமில்லை, பலரையும் ஓரிடத்தில் சேர்த்தது மினுயி பதிப்பகமும் அதை நடத்திய ழெரோம் லேந்தோனும். 'நூவோ ரொமான்' என்ற பெயர்கூட விமர்சகர் எமில் ஆன்ரியோ 'லெ மோந்த்' நாளிதழில் குறை சொல்லி எழுதிய மதிப்புரையில் வந்தது. நத்தாலி சரோத் 1939லேயே 'த்ரொபிஸ்ம்' வெளியிட்டுவிட்டார், பேச்சுக்கு அடியில் மனம் நெளிவதுதான் அவர் எழுத்து. அப்புறம், க்ளோத் சிமோனைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்! 1985இல் நோபல் பெற்றவர். 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபோது குதிரைப்படையில் இருந்தவர், 'லா ரூத் தெ ஃப்ளாந்த்ர்' நாவலில் சேற்றில் கிடக்கும் செத்த குதிரைக்கு வாக்கியங்கள் மறுபடி மறுபடி திரும்பி வருவது, மறக்க முடியாதவன் நினைப்பு அப்படித்தான் வரும் என்பதால்.

கேள்வி கேட்டவர்:
தட்டுகளை இப்போது எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.